மெழுகுதிரியும் மின்கலமும்

ஒரு நாட்டின் அறிவு எத்துணை ஆழமுடையதென அறிய விரும்புவார் அந்நாட்டின் பல்கலைக்கழகக் கட்டடங்களை எண்ணிப் பார்க்க வேண்டுவதில்லை. அந்நாட்டிற் பத்து அகவைக் குழந்தையின் கையில் உள்ள அறிவியல் நூல் எம்மொழியில் எழுதப்பட்டுள்ளது என்று பார்த்தாற் போதும். வேர் எங்கே ஓடுகின்றது என்பது அங்கே தெரிந்துவிடும்.

2019-ஆம் ஆண்டு அக்தோபர் 9-ஆம் நாள், இலித்திய அயனி மின்கலத்தை உருவாக்கியமைக்காக மூவர்க்கு வேதியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஒருவர் அமெரிக்கரான சான் குடினஃபு; மற்றொருவர் இங்கிலாந்திற் பிறந்த இசுட்டான்லி விட்டிங்காம்; மூன்றாமவர் சப்பானியரான அகிரா யோசினோ. அன்று யோசினோவுக்கு அகவை 71. உலகெங்கும் மாந்தர் சட்டைப்பையிற் கொண்டு திரியும் கைப்பேசிக்கும், மடியில் வைத்துப் பணியாற்றும் கணிப்பொறிக்கும், புகையின்றி ஓடும் மின்வண்டிக்கும் உயிரூட்டுவது இம் மின்கலமே.

இம் மூவருள் யோசினோவின் வரலாறு தமிழர் ஊன்றி எண்ணத்தக்கது. அவர் முதுநிலைப் பொறியியற் பட்டத்தோடு ஒரு தொழில்நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே செலவிட்டவர். மின்கலத்தை உருவாக்கிய காலத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றிருக்கவில்லை. ஓசாக்காப் பல்கலைக்கழகம் அவருக்கு அதை வழங்கியது 2005-இல், அவர்தம் 57-ஆம் அகவையில். பட்டத்தின் நீளமும் ஆங்கிலப் பேச்சின் மினுக்குமே அறிவென்று மயங்கிக் கிடக்கும் தமிழகத்திற்கு இவ் வாழ்க்கை ஒரு பாடமாகும்.

யோசினோ 1948-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் ஓசாக்காவை அடுத்த சுயிட்டா நகரிற் பிறந்தார். தோற்றுப்போன போரின் சாம்பலிலிருந்து சப்பான் எழுந்துகொண்டிருந்த காலம் அது. அவர் தொடக்கப் பள்ளியிற் பயின்றபோது, வேதியல் கற்றிருந்த ஆசிரியை ஒருவர் ஒரு நூலைப் படிக்குமாறு கூறினார். மெழுகுதிரி எரிவதைக் கொண்டு வேதியலை விளக்கும் மைக்கேல் பாரடேயின் சொற்பொழிவு நூல் அது. திரியில் ஏறுவது எது, சுடரில் எரிவது எது, எரிந்தபின் எங்கே போகின்றது, சுடரின் உள்ளே கருமை ஏன், வெளியே ஒளி ஏன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வினவி விடைகாணும் நூல். அந்நூல் அச் சிறுவனின் உள்ளத்தில் ஏற்றிய சுடரே பின்னாளில் தம்மை வேதியலுக்கு அழைத்து வந்ததென்று யோசினோ பலகாலும் கூறியுள்ளார்.

இங்கே நின்று எண்ணுதல் வேண்டும். பாரடே ஆங்கிலேயர், அவர் பேசியது ஆங்கிலத்தில். ஆயினும் சுயிட்டாவின் சிறுவன் அதைப் படித்தது சப்பானிய மொழியில். பாரடேயின் சுடரைத் தன் வீட்டு விளக்கில் ஏற்றிக்கொள்ள அவன் முதலில் ஆங்கிலம் கற்றுவர வேண்டுமென்று அந்நாட்டார் எவரும் கட்டளையிடவில்லை. சுடரை அவன் இருக்கும் இடத்திற்குக் கொண்டுவந்து கொடுத்தனர்.

பாரடேயின் வரலாறும் இதையே உரைக்கின்றது. அவர் கொல்லர் ஒருவரின் மகன். நூல் கட்டும் கடையில் வேலை பயின்ற ஏழைப் பிள்ளை. கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவு பெற்றார். அவற்றுள் சேன் மார்செட்டு என்னும் பெண்மணி பொதுமக்களுக்கென எளிய ஆங்கிலத்தில் உரையாடல் வடிவில் எழுதிய வேதியல் நூலும் ஒன்று. அந்நூல் இலத்தீனில் மட்டும் இருந்திருப்பின், உலகம் மைக்கேல் பாரடேயை ஒரு நூல்கட்டியாகவே அறிந்திருக்கும், அறியாமலும் போயிருக்கும். ஆங்கிலேயனை அறிவியலாளனாக்கியது அவன் தாய்மொழி. சப்பானியனை அறிவியலாளனாக்கியது அவன் தாய்மொழி. தமிழனுக்கு மட்டும் இயற்கை வேறு நெறி வகுத்துள்ளதோ?

"தமிழிற் சொல் இல்லையே" என்பார் உண்டு. இவ் வினாவை எழுப்புவார், ஆங்கிலத்திற் சொல் எப்போது வந்தது என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. மின்வாய், அயனி, மின்பகுளி என்று இன்று வழங்கும் கருத்துகளுக்குரிய ஆங்கிலச் சொற்கள் 1834-இற்றான் பிறந்தன. பாரடே தம் ஆய்விற் புதிய பொருள்களைக் கண்டார்; அவற்றைக் குறிக்கச் சொல் இல்லை. கேம்பிரிட்சு அறிஞர் வில்லியம் இயூவெல் என்பாரை மடல் வழியே கலந்து, கிரேக்க வேர்களினின்று சொற்களைப் படைத்துக்கொண்டார். சொல் இல்லாமையால் ஆய்வு நின்றுவிடவில்லை. ஆய்வு நடந்தமையாற் சொல் பிறந்தது.

அதே காலத்தில், 1837 முதலாக, உடகாவா யோவன் என்னும் சப்பானிய மருத்துவர் தம் நாட்டின் முதல் வேதியற் பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அந்நாள் சப்பான் வெளிநாட்டார்க்குக் கதவடைத்திருந்த காலம். நாகசாகித் துறைமுகத்தின் வழியே வந்த ஒல்லாந்து மொழி நூல்களே அவர்க்குக் கிடைத்த சாளரம். கப்பலேறி ஒருநாளும் வெளிநாடு சென்றிராத அம் மருத்துவர், ஒவ்வொரு பொருளுக்கும் தம் நாட்டார்க்கு விளங்கும் சொல்லைத் தேடி அமைத்தார். உயிர்வளிக்குப் 'புளிப்பாக்கும் தனிமம்' என்னும் பொருளிற் 'சான்சோ' என்றார். நீர்வளிக்கு 'நீராக்கும் தனிமம்' என்னும் பொருளிற் 'சுயிசோ' என்றார். கரிமத்திற்குக் 'கரித் தனிமம்' என்னும் பொருளிற் 'தான்சோ' என்றார். இருநூறாண்டை அணுகும் இந்நாளிலும் சப்பானியப் பள்ளிக் குழந்தை கற்பது அச் சொற்களையே. மின்கலத்தைச் சப்பானியர் 'தெஞ்சி' என்பர். மின்குளம் என்பது அதன் பொருள். அவர் குளம் என்றனர்; தமிழர் கலம் என்றனர். எது குறைந்தது?

அவர்கள் எல்லாச் சொற்களையும் தாமே படைத்தனர் என்றுரைப்பது உண்மையாகாது. அயனி முதலிய சில பெயர்களைக் கடனாகவும் பெற்றனர். ஆயினும் சில சொற்களைக் கடன் கொண்டமைக்காக வீட்டையே எழுதிக் கொடுத்துவிடவில்லை. சொற்றொடர் அவர்களுடையது, விளக்கம் அவர்களுடையது, வகுப்பறையின் வாய்மொழி அவர்களுடையது.

அந்நாட்டிலும் ஆங்கில மயக்கங் கொண்டோர் இல்லாமலில்லை. 1870-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிற் சப்பானின் தூதராயிருந்த மோரி அரினோரி, தம் தாய்மொழி புத்தறிவுக்குப் போதாது என்றும் ஆங்கிலத்தை ஏற்றல் வேண்டும் என்றும் எழுதினார். பின்னாளிற் கல்வியமைச்சராகவே அமர்ந்தவர் அவர். அவர்தம் கருத்தை மறுத்தெழுந்தவர் அந்நாளில் இலண்டனிற் கற்றுக்கொண்டிருந்த பாபா தத்சுயி என்னும் இளைஞர். 1873-இல் அவர் சப்பானிய மொழிக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஆங்கிலேயரும் அறியட்டுமென்று ஆங்கிலத்திலேயே எழுதினார். அதன் முன்னுரையில், வேற்றுமொழியிற் கல்வி நடப்பின் ஓய்வும் செல்வமும் உடையோர் மட்டுமே அறிவுபெறுவர், உழைக்கும் மக்கள் நாட்டின் நடப்பினின்றே விலக்கப்படுவர், உயர்ந்தோர்க்கும் தாழ்ந்தோர்க்கும் இடையே கடக்கலாகாப் பிளவு தோன்றும் என்று எடுத்துக்காட்டினார். சப்பான் மோரியின் வழியிற் செல்லவில்லை. தொடக்கத்தில் அயல்நாட்டுப் பேராசிரியரைக் கொண்டு அவர்தம் மொழிகளிற் கற்ற தலைமுறை, கற்று முடித்தபின் தானே ஆசிரியராகித் தன் மொழியிற் கற்பித்தது. அயன்மொழி ஏணியாயிற்று, வீடாகவில்லை.

இவ்வாறு முன்னோர் சமைத்து வைத்த பாட்டையில் யோசினோ நடந்தார். 1966-இற் கியோட்டோப் பல்கலைக்கழகம் சேர்ந்து, பொறியியற் புலத்திற் கல்நெய் வேதியற் பிரிவிற் பயின்றார். பெட்ரோலியம் எனும் கல்நெய்யினின்று ஞெகிழியும் இழையும் எண்ணற்ற பிறவும் பிறந்துகொண்டிருந்த காலம் அது. தொழிலின் பெருவாயில் அப் பிரிவே. ஆயின் அப் பல்கலைக்கழகத்தின் வேதியற் பொறியியலுக்கு ஒரு தனி மரபு உண்டு. தொழிலுக்குப் பயன்படும் வேதியலைச் செய்ய விரும்புவோன் முதலில் அடிப்படையை ஆழக் கற்றல் வேண்டும் என்று கெனிட்சு கித்தா என்னும் பேராசிரியர் அங்கே ஊன்றிய மரபு அது. அம் மரபில் வந்த கெனிச்சி புக்குயி பொறியியற் புலத்தில் இருந்துகொண்டே, அணுக்கூறுகள் வினைபுரியும் நெறியைக் கணக்கியலால் விளக்கி, 1981-இல் வேதியல் நோபல் பரிசு பெற்றார். ஆசியாவிற்கு அத்துறையிற் கிடைத்த முதற் பரிசு அது. அவர் வழிவந்த ஆய்வகத்திலேயே யோசினோ பயின்று 1970-இல் இளநிலைப் பட்டமும் 1972-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

கல்லூரிக் காலத்தில் அவர் ஓய்வு நேரத்தைச் செலவிட்டது தொல்லியலில். மாணவர் குழுவோடு சென்று பழங்கட்டட இடிபாடுகளை அகழ்ந்தார். மண்ணைச் சுரண்டச் சுரண்ட ஓர் ஓடு கிடைக்கும். அதைக் கொண்டு மறைந்துபோன முழுமையை மனத்தில் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். பின்னாளின் ஆய்வுப்பணிக்கு இப் பயிற்சி துணைசெய்தது என்பது அவர் கருத்து. பொறியியல் மாணவன் வரலாற்றை அறிதல் காலக்கேடு என்று கருதும் பெற்றோர் இதை எண்ணிப் பார்ப்பாராக!

1972-இல் அவர் அசாகி கசெய் என்னும் வேதித்தொழில் நிறுவனத்திற் சேர்ந்தார். புதிய பொருளுக்கான வித்தைத் தேடும் தொடக்கநிலை ஆய்வு அவர்க்குத் தரப்பட்டது. என்ன கிடைத்தது? தோல்வி. முதலில் எடுத்த ஆய்வு பயன்தரவில்லை. இரண்டாவதும் கைவிடப்பட்டது. மூன்றாவதும் அவ்வாறே முடிந்தது. ஒன்பதாண்டுகள் கழிந்தன. தமிழகத்தின் ஒரு பெற்றோர், ஒன்பதாண்டு கழிந்தும் ஒன்றும் விளையாத மகனைப் பற்றி என்ன பேசியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அந் நிறுவனம் அவரை வெளியேற்றவில்லை, அவரும் வெளியேறவில்லை. 1981-இல் நான்காவது ஆய்வைத் தொடங்கினார்.

மின்னைக் கடத்தும் ஞெகிழியாகிய பாலியசிட்டலீன் அந்நாளிற் புதுமையாயிருந்தது. அதைக் கண்டறிந்தவருள் ஒருவர் சப்பானியரான இதெக்கி சிரகாவா. அவரும் 2000-இல் நோபல் பரிசு பெற்றார். அப்பொருளை மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலத்தின் எதிர்முனையாக்கலாம் என்று யோசினோ கண்டார். ஆயின் அதற்கு இணையான நேர்முனை இல்லை. அந்நாள் அறியப்பட்டிருந்த நேர்முனைப் பொருள்கள் இலித்தியத்தைத் தம்முட் கொண்டிருக்கவில்லை. பாலியசிட்டலீனிலும் இலித்தியம் இல்லை. இருபக்கமும் வெறுமையாயிருப்பின் இடையே ஓடுவது எது?

1982-ஆம் ஆண்டின் இறுதிப் பணிநாள். காலையில் ஆய்வகத்தைத் துப்புரவு செய்து முடித்த யோசினோ, பிற்பகலில், வரவழைத்துப் படிக்காமல் வைத்திருந்த ஆய்வுத்தாள்களைப் புரட்டினார். இலித்தியக் கோபால்ட்டு உயிரகை என்னும் பொருள் நேர்முனையாகப் பயன்படும் என்று ஆக்சுபோர்டிலிருந்து குடினஃபும் அவர் குழுவினரும் 1980-இல் வெளியிட்ட தாள் அவற்றுள் இருந்தது. அக் குழுவில் கொயிச்சி மிசுசிமா என்னும் சப்பானியரும் ஒருவர். அப்பொருளில் இலித்தியம் முன்னரே உறைகின்றது! 1983-ஆம் ஆண்டு பிறந்தவுடன் இரண்டையும் இணைத்தார்; மின்கலம் இயங்கிற்று.

"அத் தாள் ஆங்கிலத்தில் அன்றோ இருந்தது?" என்று ஆங்கிலப் பற்றாளர் துள்ளி எழுவர். ஆம், ஆங்கிலத்தில் இருந்தது; யோசினோ படித்தறிந்தார். ஆங்கிலத் தாளைப் படிக்கத் தெரிவது வேறு. ஆங்கிலத்திற் கற்பித்தாலன்றி அறிவே வளராது என்பது வேறு. அத்தாள் வெளிவந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. ஆங்கிலம் அறிந்தார் பல்லாயிரவர் அதைப் படித்திருக்கக்கூடும். அதன் பொருள் யோசினோவின் கண்ணுக்குப் பட்டெனப் புலப்பட்டது, அதற்குரிய வினா அவர் உள்ளத்தில் முன்னரே காத்திருந்தமையால். விடை எம்மொழியிலும் வரலாம். வினா உள்ளத்தின் மொழியிலேயே பிறக்கும். அவ் வினாவை வளர்த்தது மெழுகுதிரி நூலும், கியோட்டோ வகுப்பறையும், ஒன்பதாண்டுத் தோல்வியும். அவை அனைத்தும் சப்பானிய மொழியில் நிகழ்ந்தவை.

பணி அத்தோடு முடியவில்லை. பாலியசிட்டலீன் அடர்த்தி குறைந்தது. அதனால் மின்கலத்தின் எடை குறைந்ததேயன்றி உருவளவு குறையவில்லை. அதற்கு மாற்றாகத் தம் நிறுவனத்தின் மற்றோர் ஆய்வகத்தில் உருவாகியிருந்த கரிம இழையை எடுத்தார். 1985-இல், கரிமத்தை எதிர்முனையாகவும் கோபால்ட்டு உயிரகையை நேர்முனையாகவும் கொண்ட மின்கலத்திற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பிக்கப்பட்டது. மின்னேற்றும்போது இலித்திய அயனிகள் நேர்முனையை விட்டுக் கரிமத்தின் அடுக்குகளுக்கு இடையே குடியேறும். மின்னைப் பயன்படுத்தும்போது மீண்டும் நேர்முனைக்குத் திரும்பும். தூய இலித்திய மாழை எங்கும் தனித்து நிற்பதில்லை. 4 வோல்ட்டு அளவு மின்னழுத்தம் ஒற்றைக் கலத்திற் கிடைத்தது. நீரை ஊடகமாகக் கொண்ட பழைய மின்கலங்கள் ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தாண்டியதில்லை.

1986-இல் இறுதித் தேர்வு. வெடிபொருள்களைத் தேர்ந்தறியும் வெளியில், மின்கலத்தின்மேல் இரும்புக் கட்டியை வீழ்த்தினர். இலித்திய மாழையால் ஆன கலம் தீப்பற்றி வெடித்தது. யோசினோவின் கலம் நசுங்கியது, தீப்பற்றவில்லை. அந்நொடியே இம் மின்கலம் பிறந்த நொடி என்பது அவர் கணிப்பு. 1991-இற் சோனி நிறுவனம் இவ்வகை மின்கலத்தை முதன்முதலாக விற்பனைக்குக் கொணர்ந்தது. யோசினோ வேலைக்குச் சேர்ந்து அதற்குள் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இனித் தமிழகத்தின்பால் திரும்புவோம். யோசினோ பிறந்த அதே 1948-இல், சூலை 25-ஆம் நாள், காரைக்குடியில் நடுவண் மின்வேதியல் ஆய்வகத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அழகப்பர் நிலமும் பொருளும் ஈந்தார். அதற்கு நான்காண்டு முன்னரே, 1944-இல், அவர் கொடையால் கிண்டியில் வேதியற் பொறியியல் கற்பிக்கும் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. நிலம் இருந்தது, கொடை இருந்தது, கூர்த்த அறிவுடைய மாணவரும் இருந்தனர். அவற்றின் பணியை எவரும் இகழ்தலாகாது. ஆயினும் அங்கே நடந்த ஆய்வு, அடுத்த தெருவின் தமிழ்க் குழந்தைக்குத் தமிழில் எடுத்துரைக்கப்பட்டதா? கொடையாளர் தம் கடமையைச் செய்தார். மொழிக்குரிய கடமையை எவரும் செய்யவில்லை.

தொடக்கமே இல்லாமற் போயிற்று என்றும் கூறவியலாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். முப்பதுக்கு மேற்பட்டோர் தமிழிற் கற்று மருத்துவராயினர். அவர்தம் வேதியல் நூல் 1875-இற் 'கெமிஸ்தம்' என்னும் பெயரோடு தமிழில் வெளிவந்தது. உடகாவா யோவனும் தம் நூலுக்கு ஒல்லாந்துச் சொல்லின் ஒலியைப் பற்றிச் 'செய்மி' என்றே பெயரிட்டிருந்தார். இருநூலும் பெயரளவில் ஒன்றுபோல் தடுமாறியே எழுந்தன. ஆயின் 'செய்மி'க்குப் பின் வந்தோர் அதைத் திருத்தி, பெருக்கி, பல்கலைக்கழகம் வரை கொண்டு சென்றனர். 'கெமிஸ்த'த்திற்குப் பின் அவ் வழி தூர்ந்துபோயிற்று. அயல்நாட்டார் ஒருவர் தமிழை நம்பினார், தமிழர் நம்பவில்லை. வேறுபாடு மொழிகளில் இல்லை. மொழிக்குரியோர் நெஞ்சில் உள்ளது.

அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010-இற்றான் பொறியியல் தமிழ்வழியிற் கால்வைத்தது. அதுவும் கட்டடப் பொறியியல், எந்திரப் பொறியியல் எனும் இரண்டில் மட்டும். வேதியற் பொறியியல் அத் தொடக்கத்தில் இடம்பெறவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிற் பயின்று, வேதியலில் உயர்ந்த மதிப்பெண் பெற்று, சிற்றூரிலிருந்து வரும் மாணவனின் நிலை என்ன? காய்ச்சி வடித்தல், ஆவியாதல், கரைசல், வினையூக்கி என்று பொருள் விளங்கக் கற்றிருந்தவன், பொறியியல் வகுப்பின் முதல்நாளிலேயே ஊமையாக்கப்படுகின்றான். அறியாமையால் அன்று, அறிந்ததைச் சொல்ல வாயில்லாமையால். வினவ எழுந்தவன் ஆங்கிலத் தொடரை எண்ணி எண்ணி அமர்ந்துவிடுகின்றான். வினா மடிந்தபின் எஞ்சுவது மனப்பாடம். மனப்பாடம் செய்தவன் தேர்வில் வெல்வான், புதிதொன்று காணான். பாபா தத்சுயி அஞ்சிய பிளவு இதுவே.

வேதியற் பொறியியலின் முதன்மைத் தொழிலாகிய வடித்தலைத் தமிழ்ச் சித்தமருத்துவர் வாலை என்னும் கலத்திற் செய்தனர், புடமிட்டனர், குகையில் உருக்கினர். வாலை, புடம், குகை என்று சொல்லும் பொருளும் ஒருங்கே உடைய மொழி, வேதியற் பொறியியலுக்குத் தகுதியற்ற மொழியாமா?

செய்யத்தக்கவை தெளிவானவை. தொடக்கப்பள்ளிக் குழந்தையின் கைக்கு, படிக்கப் படிக்க வினா எழுப்பும் அறிவியல் நூல்கள் தமிழில் வருதல் வேண்டும். வேதியற் பொறியியலின் ஒவ்வொரு பாடத்திற்கும், அத்துறை அறிந்தாரே தமிழில் நூல் எழுதுதல் வேண்டும். பிறர் பெயர்த்துத் தருவர் என்று காத்திருத்தலாகாது. ஆய்வகங்கள் தம் ஆண்டுப் பணியை மக்கள்மொழியில் மக்களுக்கு உரைத்தல் வேண்டும். தமிழர் நடத்தும் தொழில்நிறுவனங்கள் வெளிநாட்டு உரிமத்தை விலைகொடுத்து வாங்குவதோடு நில்லாது, மூன்று முறை தோற்கும் இளைஞனுக்கு நான்காம் வாய்ப்பை அளித்தல் வேண்டும். ஆங்கிலம் ஆய்வுத்தாள் படிக்கும் கருவியாகக் கற்பிக்கப்படுக. அறிவின் வாயிற்காவலனாக அது அமர்த்தப்படாதொழிக!

யோசினோவுக்கு நூல் தந்த ஆசிரியை நோபல் பரிசை எண்ணியிருக்கமாட்டார். ஒரு குழந்தைக்கு அதன் மொழியில் ஒரு நூலைக் காட்டினார், அவ்வளவே. தமிழகத்தின் ஊர்தோறும் பள்ளி உண்டு, பள்ளிதோறும் ஆசிரியர் உண்டு, மெழுகுதிரியும் உண்டு. ஏற்றுவார் எழுக! தமிழிலேயே ஏற்றுக!